வேலை போன முதல் மாதமே வங்கியோடு பேசுங்கள்

நம் வீடுகளில் வேலை போனதைப் பெற்றவர்களிடம் சொல்லவே நாளாகிறது. வங்கியிடம் சொல்ல அதைவிட நாளாகிறது. அதற்குள் அரிசி பருப்பும் பிள்ளையின் துணைப்பாடக் கட்டணமும் தொலைபேசிக் கட்டணமும் கடன்பற்று அட்டையில் ஏறிவிடுகின்றன. நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு வழக்கு பார்க்கும் வேலையில் இருப்பதால், ஆட்குறைப்பு நடந்த வீடுகளில் தெரிந்தவர்கள் "கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் ஒரே நிலைமைதான். பேசியிருக்க வேண்டிய மாதத்தில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். தவணைகள் தவறி, வங்கியின் வசூல் பிரிவு அழைக்கத் தொடங்கிய பிறகே பேச்சு ஆரம்பித்திருக்கும்.

சென்ற ஆண்டு என் தம்பிக்கே வேலை போனது. சரக்குக் கிடங்கு நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தான். ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, தொடக்கப்பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மூன்று கடன்பற்று அட்டைகள், வீட்டைப் புதுப்பித்தபோது எடுத்த தவணைக் கடனில் ஒரு மிச்சம். அவனோடு உட்கார்ந்து செய்தவற்றை இங்கே எழுதுகிறேன். வேலை தேடும் காலத்தில் கடன் தரத்தை, அதாவது நம்மை நம்பிக் கடன் தரலாமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணை, காப்பாற்றுவது நம்மில் பலர் நினைப்பதைவிட எளிது. ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த எளிமை.

பலருக்குத் தெரியாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வேலை போனதால் மட்டும் கடன் தரம் குறையாது. கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் 2002இல் அமைக்கப்பட்டது. உறுப்பினர்களாக உள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நம் கடன் கணக்குகளின் விவரத்தை அங்கே பகிர்ந்துகொள்கின்றன. அதை வைத்து அவர்கள் தயாரிக்கும் கடன் அறிக்கையில் நம் சம்பளம் இருக்காது, சேமிப்பும் இருக்காது. என்னென்ன கடன் கணக்குகள் வைத்திருக்கிறோம், ஒழுங்காகக் கட்டினோமா, யாரிடமெல்லாம் புதுக் கடன் கேட்டோம், எதையாவது கட்டாமல் கைவிட்டோமா, நொடித்துப்போனதாக நீதிமன்றம் அறிவித்திருக்கிறதா என்பவைதான் இருக்கும். இவற்றை வைத்து 1000இலிருந்து 2000 வரை ஓர் எண் தருகிறார்கள். 1911 அல்லது அதற்கு மேல் என்றால் ஏஏ, அதுதான் ஆகச் சிறந்த தரம். 1723 அல்லது அதற்குக் கீழே போனால் எச்எச், அதுதான் கடைசி.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. "சம்பளமே இல்லாதவனுக்கு என்னக்கா நல்ல மார்க்கு?" என்றான். அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் மூலம் உள்ளே போய், சில வெள்ளி கட்டி, அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். ஏதாவது ஒரு வங்கியிடம் புதிதாக அட்டையோ கடனோ கேட்டு, அவர்கள் தந்தாலும் மறுத்தாலும், அந்தக் கடிதம் வந்த 30 நாளுக்குள் அறிக்கையை இலவசமாகவே பெறலாம். அவனுக்கு அப்படி எதுவும் இல்லாததால் காசு கட்டினோம். தரம் பிபி, ஏஏவுக்கு அடுத்த படி. அதைப் பார்த்த பிறகுதான் அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன்னிடம் காப்பாற்ற ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவுடன் அவன் பேச்சே மாறியது. வேலை போன எவரும் முதல் வாரத்திலேயே இந்த அறிக்கையை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்வதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம்.

அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே கடந்த 12 மாதங்களுக்கான எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஏ என்றால் பாக்கி இல்லை, அல்லது தாமதம் 30 நாளை எட்டவில்லை. 30 முதல் 59 நாள் வரை தாமதம் என்றால் பி. 60 முதல் 89 வரை சி. 90ஐத் தொட்டால் டி. நாலைந்து நாள் பிந்திக் கட்டினால் வங்கி தாமதக் கட்டணம் போடும், பல வங்கிகளில் அது 100 வெள்ளியை ஒட்டி இருக்கும், வலிக்கும். ஆனால் அறிக்கையில் அந்த மாதம் ஏ என்றே நிற்கும். கடன் தரத்தைப் பொறுத்தவரை அந்த 30ஆம் நாள்தான் எல்லைக்கோடு. வேலை தேடும் காலத்தில் வீட்டில் எது தவறினாலும் இந்த வரிசையில் பி விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். 60 நாள் பாக்கி வந்துவிட்டால் நிலைமை வேறு. வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி அந்தக் கணக்கில் மேற்கொண்டு எதையும் ஏற்ற முடியாது, மற்ற வங்கிகளும் பிணையில்லாப் புதுக் கடன் எதுவும் தரக்கூடாது.

ஆகவே எங்கள் முதல் கணக்கு மிகச் சாதாரணமானது. மூன்று அட்டைக்கும் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, புதுப்பிப்புக் கடனின் மாதத் தவணை எவ்வளவு, இரண்டையும் கூட்டினால் மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதினோம். நிறுவனம் கொடுத்த ஆட்குறைப்பு அனுகூலத் தொகையிலிருந்து ஆறு மாதத்துக்கான இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, ஜைரோ மூலம் தானாகக் கழியும்படி செய்தோம். தம்பியின் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணி, கையில காசு இருக்கும்போதே பெரிய அட்டைக் கடனை ஒரேயடியா அடைச்சிட்டா நிம்மதியா இருக்கும்ல?" என்று கேட்டாள். சம்பளம் வரும் காலத்தில் அவள் சொன்னதுதான் சரி. சம்பளம் இல்லாத காலத்தில் நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஓர் அட்டையை முழுதாக அடைத்துவிட்டு மூன்றாம் மாதம் மற்ற இரண்டுக்கும் குறைந்தபட்சத் தொகைகூடக் கட்ட முடியாமல் போனால், அடைத்த கடனுக்காக யாரும் பாராட்டப் போவதில்லை. இரண்டு கணக்குகளில் பி விழுந்ததுதான் அறிக்கையில் தெரியும்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போகலாம் என்றும் நான் சொல்லவில்லை. அட்டைகளின் வட்டி இங்கே ஆண்டுக்கு 27 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 8,000 வெள்ளி பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத வட்டி 180 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு என்றால் 240. நாம் கட்டும் 240இல் 60 மட்டுமே அசலைக் குறைக்கும். அது நம் பெயரைக் காப்பாற்றும், கடனைத் தீர்க்காது. அதனால்தான் குறைந்தபட்சத் தொகைக்கு ஏற்பாடு செய்த அதே வாரத்தில் வங்கியோடும் பேச வேண்டும் என்கிறேன்.

தம்பிக்கு அந்த அழைப்பைச் செய்ய மனமே வரவில்லை. "வேலை போயிருச்சுன்னு தெரிஞ்சா அட்டையை முடக்கிடுவாங்கக்கா."

"முடக்கினா என்னடா? இனிமே அந்த அட்டையில செலவு பண்ணவா போறே?"

அவன் பயத்திலும் நியாயம் உண்டு. வருமானம் நின்றது தெரிந்தால் வங்கி கடன் வரம்பைக் குறைக்கலாம், அட்டையை நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் சம்பளம் இல்லாத வீட்டில் திறந்து கிடக்கும் அட்டைதான் ஆபத்து. அது முடங்குவதை நான் இழப்பாக நினைக்கவில்லை.

முதலில் எடுத்துப் பேசிய ஊழியர், "உங்கள் கணக்கில் பாக்கியே இல்லையே, பாக்கி விழுந்த பிறகு அழையுங்கள்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒழுங்காகக் கட்டி வந்த மனிதன், கட்ட முடியாமல் போவதற்கு முன்பே தானாக வந்து பேசுகிறான். அவனிடம் போய்த் தவறிவிட்டு வா என்று சொல்வதா? மறுபடி அழைத்து, நிதி நெருக்கடியில் உள்ள வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பிரிவைக் கேட்டு வாங்கினோம். அங்கே பேசியவர் பொறுமையாகக் கேட்டார். ஆட்குறைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற கணக்கு, இவற்றை அனுப்பச் சொன்னார். கடைசியில் பெரிய அட்டையின் பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றிக் கொடுத்தார்கள். எல்லா வங்கிகளும் இப்படிச் செய்யும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் பாக்கி விழாத அறிக்கையோடு போய்க் கேட்பவனுக்குக் கிடைக்கும் காது, மூன்று மாதம் ஒளிந்திருந்தவனுக்குக் கிடைப்பதில்லை.

பல வங்கிகளில் பெரிய கடன் சேர்ந்துவிட்டால் தனியாகப் போராட வேண்டாம். கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறக்கொடை அமைப்பு இதற்காகவே இருக்கிறது. கடனைச் சமாளிக்கும் வழிகளை முதலில் விளக்குவார்கள். பிறகு ஆலோசகர் ஒருவர் நம் வரவு செலவைப் பார்த்து, எல்லா வங்கிகளுக்கும் சேர்த்து ஒரே திருப்பிச் செலுத்தும் திட்டத்தை முன்வைக்க உதவுவார். ஏற்பதா இல்லையா என்பதை வங்கிகள் முடிவு செய்யும். 2017 முதல் வங்கிகள் தரும் கடன் ஒருங்கிணைப்புத் திட்டமும் உண்டு. பிணையில்லாக் கடன் மாத வருமானத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது. இதில் ஒரு சிக்கல். இத்தகைய திட்டங்கள் பலவற்றுக்கும் வருமானச் சான்று வேண்டும். வேலை இல்லாதவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். அறிவிப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடைசிச் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே பேசுவது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் காரணம்.

இனி, பதற்றத்தில் செய்யக்கூடாத ஒன்று. வேலை போன ராத்திரியே கைப்பேசியில் கண்ட வங்கிக்கெல்லாம் புதுக் கடனுக்கு விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த வங்கி நம் அறிக்கையைப் பார்க்கும். பார்த்த தடயம் இரண்டு ஆண்டுகள் அதில் இருக்கும். குறுகிய காலத்தில் பல தடயங்கள் விழுந்தால் இந்த மனிதர் பணத்துக்குத் தவிக்கிறார் என்று அடுத்த வங்கி புரிந்துகொள்ளும். மறுப்பதற்கு அதுவே போதும். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது.

வங்கிகள் மறுத்த பிறகு அடுத்து எங்கே போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் சட்டப்படி மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். மாதத்துக்கு, ஆண்டுக்கு அல்ல. கடன் தொகையில் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம், தவணை தவறினால் மாதம் 60 வெள்ளி வரை தாமதக் கட்டணம். 3,000 வெள்ளி கேட்டால் 300 கழிந்து 2,700தான் கைக்கு வரலாம். முதல் மாத வட்டி மட்டும் 120 வெள்ளி. அவர்கள் சட்டத்துக்கு உட்பட்டவர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. சம்பளம் இல்லாதவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் "உடனடிக் கடன்" என்று வருபவர்கள் வேறு ரகம். உரிமம் பெற்றவர்கள் அப்படிச் செய்தி அனுப்பவோ அழைக்கவோ அனுமதி இல்லை. ஆகவே அப்படி வருவது கடன் முதலை, இல்லையென்றால் மோசடி. "முதலில் ஜிஎஸ்டி கட்டுங்கள், பிறகு கடன் வரும்" என்று கேட்டால் தயங்காமல் மோசடி என்று முடிவு செய்துவிடலாம்.

நான்காம் மாதம் வீட்டுச் செலவு முட்டியபோது அம்மா தன் இரண்டு வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தார். "தேக்காவுல போய் வச்சிட்டு வா. மானம் போச்சுன்னு யாரும் அழாதீங்க. உங்கப்பா காலத்துலயும் வச்சிருக்கோம், மீட்டிருக்கோம்." தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் அம்மா பக்கம்தான் நின்றேன். அடகுக்கடை வட்டிக்கு இங்கே சட்ட உச்சவரம்பு மாதம் 1.5 விழுக்காடு, மீட்க ஆறு மாத அவகாசம் உண்டு. 27 விழுக்காட்டு அட்டையையும் மாதம் 4 விழுக்காட்டுக் கடனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தங்கம் இருக்கும் வீட்டுக்கு இதுதான் மலிவான கடன். மீட்காவிட்டால் நகை போய்விடும் என்ற பயம் சரியானதே. ஆனால் இழப்பு அந்த வளையல்களோடு நின்றுவிடும், வட்டி மேல் வட்டியாக நம்மைத் துரத்தாது. தாலியை வைக்க வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. அதற்குக் கணக்கு எதுவும் இல்லை.

நம் சமூகத்தில் இன்னொரு பழக்கம் உண்டு, வேலை போன வீட்டில் அது பெரிதாகக் கடிக்கும். மச்சானுக்குப் பிணையாளி, நண்பனோடு கூட்டுக் கடன், தங்கைக்குத் துணை அட்டை. கூட்டுக் கடனில் மற்றவர் தவறினாலும் நம் அறிக்கையிலும் அது விழும். துணை அட்டையில் அவர்கள் வாங்குவது முதன்மை அட்டைக்காரரின் கணக்கில்தான் ஏறும். தம்பி தன் மைத்துனருக்குக் கொடுத்திருந்த துணை அட்டையைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டான். நானே தொலைபேசியில் பேசினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார்.

வரவுக்கான வழிகளையும் விட்டுவிடக் கூடாது. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், தாமாக விலகாமல் வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை தருகிறது. முதல் மாதம் 1,500, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதங்களுக்கு 750 வீதம். சராசரி மாதச் சம்பளம் 5,000 வெள்ளியைத் தாண்டியிருக்கக் கூடாது. வேலைக்கு விண்ணப்பிப்பது, பயிற்சிக்குப் போவது போன்றவற்றைச் செய்து காட்ட வேண்டும். இந்த உதவியை வாங்குவதைத் தர்மம் கேட்பதாக நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். வேலை இழந்தவர் மறுபடி வேலைக்குப் போவதற்காகவே வைக்கப்பட்ட பணம் அது. தம்பி வீட்டில் மாதக் குறைந்தபட்சத் தொகைகளுக்குப் பெரிய பங்கு அதிலிருந்துதான் வந்தது. இன்னும் நெருக்கடி என்றால் சமூக சேவை அலுவலகத்தில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான காம்கேர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் படிப்பு சம்பந்தமாக இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடம் கேட்கலாம்.

இதெல்லாம் வேலை தேடுவதோடு எங்கே சேர்கிறது என்று கேட்கலாம். சில வேலைகளில் நேரடியாகவே சேர்கிறது. வங்கி, காப்புறுதி, முதலீட்டு நிறுவனங்களில் வேலைக்கு எடுக்கும்போது அந்த நபர் நிதி நிலையில் ஒழுங்கானவரா என்பதையும் பார்ப்பார்கள். தகுதியும் பொருத்தமும் உடையவரா என்ற நாணய ஆணையத்தின் வழிகாட்டியிலேயே அது ஒரு பகுதி. அரசாங்க ஊழியர்கள் நிதிச் சங்கடத்தில் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டியிருக்கிறது. பிணையில்லாக் கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டினால் அது நிதிச் சங்கடமாகக் கருதப்படும். முதலாளிகள் நமக்குத் தெரியாமல் அந்த அறிக்கையை எடுத்துவிட முடியாது. நம்மையே எடுத்துத் தரச் சொல்வார்கள். நேர்முகத் தேர்வுக்குப் பிறகு "அறிக்கை கொண்டுவாருங்கள்" என்று கேட்கும்போது முதன்முறையாக அதைத் திறந்து பார்ப்பவரின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முன்பே பார்த்தவருக்கு, ஏதாவது ஒரு மாதத்தில் பி இருந்தாலும், "அந்த மாதம் ஆட்குறைப்பு, அடுத்த மாதம் கட்டிவிட்டேன், இதோ கடிதம்" என்று சொல்ல முடியும். நம்முடையதல்லாத கணக்கோ, கட்டி முடித்த கடன் பாக்கியாகவோ பதிவாகியிருந்தால், திருத்தச் சொல்லிக் கேட்கவும் அவகாசம் இருக்கும்.

ஏற்கெனவே தவறியவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 12 மாத வரிசை மாதாமாதம் நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று விழும் பி, அடுத்த ஆண்டு இதே நேரம் அந்த வரிசையில் இருக்காது. கட்டாமல் கைவிட்டதாகப் பதிவான கடன் மட்டும் வேறு. அதைத் தீர்த்த பிறகும் மூன்று ஆண்டுகள் அறிக்கையில் தெரியும். தீர்க்காவிட்டால் நின்றுகொண்டே இருக்கும். அதனால் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பழைய பாக்கியில் எதை முதலில் தொடுவது என்ற கேள்வி வந்தால், இன்னும் கைவிடப்படாமல் பிஇல் நிற்கும் கணக்கை முதலில் ஏவுக்குக் கொண்டுவாருங்கள்.

தம்பிக்கு இப்போது துவாஸ் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. முன்பைவிடச் சம்பளம் குறைவு. வரிசையில் எல்லா மாதமும் ஏதான். புது வேலை கிடைத்த வாரமே வங்கியிலிருந்து புது அட்டைக்கான அழைப்பு வந்ததாம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு சேரும்வரை எதற்கும் விண்ணப்பிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். சேர்ந்த பிறகும் மிச்சப் பாக்கியைக் குறைந்த வட்டிக்கு மாற்ற ஒரே ஓர் இடத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், எந்த வங்கி என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து வட்டியையும் கட்டணத்தையும் ஒப்பிட்டு முடிவு செய்யப்போகிறோம். அதற்கு முன்னால் அம்மாவின் வளையல்களை மீட்க வேண்டும், அவகாசம் அடுத்த மாதத்தோடு முடிகிறது.